ஸ்டோர் ஜன்னலில் கேட்ட பிரெஞ்சு

அந்த அக்காவை நினைத்தால் முதலில் வருவது முகம் அல்ல, முதுகு. வெளிறிய நீலச் சேலைக்கு மேல் மில்லில் கொடுத்த காக்கிக் கோட்டு, கொண்டையில் குறுக்கே செருகிய பென்சில். எதிரே சுவர் முழுக்கக் கொக்கிகள். கொக்கிகளில் ஸ்பேனர், அரம், சுத்தியல், உளி. அந்தச் சுவரைப் பார்த்து நின்றபடி, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் நமக்கு முதுகைக் கொடுத்தபடி, அக்கா கேள்வி கேட்பார்.

"ஏனுங்க, நேத்து பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எடுத்தீங்களா?"

"எடுத்தேங்க்கா."

"திருப்பிக் குடுத்தீங்களா?"

அங்கே ஒரு சின்ன மௌனம் விழும். மௌனத்துக்குள் மூன்றாவது கேள்வி, அவசரமே இல்லாமல், வேகவைத்த கடலைக்குத் தோல் உரிக்கிற மாதிரி வரும்.

"எங்க வெச்சீங்க?"

அவ்வளவுதான். ஆறடி ஃபிட்டர்கள், மீசை வைத்த ஃபோர்மேன்கள், யூனியன் கூட்டத்தில் மேசையைக் குத்துகிறவர்கள் எல்லோரும் அந்த முதுகின் முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மறந்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதை, மச்சான் மோட்டார் கழற்றக் கொடுத்ததை, கைதவறிச் சாக்கடையில் போட்டதை. சொல்லி முடித்ததும் அக்கா திரும்புவார். முகத்தில் கோபம் இருக்காது, கண்டுபிடித்துவிட்ட பெருமையும் இருக்காது. "சரி, பொழுதோட கொண்டாந்துருங்க" என்பார். எடுத்தவன் மறுநாளே கொண்டுவந்துவிடுவான்.

மதுக்கரைக்கு இந்தப் பக்கம் இருந்த நூல் மில் அது. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே எட்டு மாதம் வேலை பார்த்தேன். கருவி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை டோக்கன்கள் ஐந்து கொடுத்திருப்பார்கள். ஸ்பேனரை எடுத்தால் அந்தக் கொக்கியில் உங்கள் டோக்கன் தொங்கும். திருப்பிக் கொடுத்தால் டோக்கன் உங்கள் கைக்கு வந்துவிடும். யாரிடம் எது இருக்கிறது என்று சுவரே சொல்லும். சுவர் சொன்ன பிறகும் அக்கா கேட்பார். கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

கருவியைப் பற்றி மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பஸ் கெடச்சுதுங்களா, நேத்து மழையில நனைஞ்சீங்களா, பையனுக்கு ஜொரம் விட்டுதுங்களா, அவிய ஊட்டுல சமாதானமாப் போனாங்களா? எல்லாம் நடந்து முடிந்தவை. நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று அக்கா யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் ஏன் என்று கேட்டதற்கு, "நாளைக்கு நடக்கறதக் கேட்டா ஆருக்குமே பொய்தான கண்ணு வரும்?" என்றார்.

நான் அங்கே போனது மொழிபெயர்க்க. மில்லில் பஞ்சு சீவுகிற கோம்பர் மெஷின்களைப் பிரான்சிலிருந்து இறக்கியிருந்தார்கள். அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு பிரெஞ்சுக்காரர் வந்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, செம்பட்டைத் தாடி, ஆங்கிலம் அவருக்கும் அரைகுறை, நம்மவர்களுக்கும் அரைகுறை. கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்பாவுக்கு வாடிக்கையாளர் ஒருவர் அந்த மில்லில் அதிகாரி. "உங்க பொண்ணு பிரெஞ்சு படிச்சிருக்குதுல்ல?" என்று கேட்க, நான் வேலையில் உட்கார்ந்தேன். கல்லூரியில் மார்க்குக்காகத் தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சை எடுத்தவள் நான். பிறகு அதன்மேல் பித்துப் பிடித்து மாலை வகுப்பு, சான்றிதழ் என்று போனவள். இருபத்து மூன்று வயது. இடுப்பில் பிள்ளையைச் சுமக்கிற மாதிரி ஒரு தடித்த அகராதியைச் சுமந்துகொண்டு திரிந்தேன். இரண்டாம் தவணை மெஷின்களுக்காக மில் எஞ்சினியர்கள் இருவர் பிரான்சுக்குப் பயிற்சிக்குப் போகப்போகிறார்கள், மொழிபெயர்க்கிறவளும் கூடப் போகலாம் என்று பேச்சு இருந்தது. போகலாம் என்ற அந்த ஒரு சொல்லை நான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு நோட்டு வாங்க ஸ்டோர் ஜன்னலுக்குப் போனேன். அக்கா முதுகைக் காட்டி நோட்டுக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து அழுதீங்களா கண்ணு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின நாள் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, பெண் கொஞ்சம் அதிகம் படித்துவிட்டது என்று சொல்லிப் போயிருந்தார்கள். அம்மாவிடம் கூட நான் அழவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அதை அந்த முதுகிடம் சொன்னேன். பஜ்ஜி எத்தனை என்பது முதற்கொண்டு சொன்னேன். அக்கா நோட்டைக் கையில் கொடுக்கும்போதுதான் முகத்தைப் பார்த்தார். "எத்தனை தின்னாங்கன்னு எண்ணி வெச்சிருக்கீங்க பாருங்க, அங்கதான் நீங்க பொழைச்சுக்குவீங்க" என்றார். சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் எனக்கு ஒரு கேள்வி வேண்டியிருந்தது. பென்சில் இருக்கும்போதே பென்சில் கேட்டுப் போவேன்.

ஏன் அக்கா முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை என்று ஒரு மதியம் தெரிந்தது. சாப்பாட்டு நேரம். தூக்குப்போசி மூடியில் எனக்கும் கொஞ்சம் புளிச்சோறு வைத்துவிட்டு, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஆனைமலைப் பக்கம் தோப்பு ஒன்றில் பண்ணையாளாக இருந்தவர். "தோப்புல நாலு காய் கொறைஞ்சா எங்கப்பனைத்தான் கூப்புட்டு நிறுத்துவாங்க. மொகத்துக்கு நேரா வந்து நின்னுக்கிட்டு, 'நீ எடுத்தியாடா?'ன்னு கேப்பாங்க. எடுக்காத மனுசனுக்கே எடுத்த முழி வந்துரும் கண்ணு. எங்க சனத்துல அதுவரைக்கும் ஆரும் ஒருத்தரைக் கேள்வி கேட்டதில்லை. கேக்கறவங்களுக்குப் பதில் சொன்னதோட சரி. என்ற ஊட்டுக்காரரு செத்து, அவரு வேலைய எனக்குக் குடுத்து, இந்த ஜன்னல்ல உக்காருன்னாங்க. கேக்கறதுதான் வேலைன்னாங்க. மொதல் நாளே நெனைச்சுப்போட்டேன், நா கேட்டா ஆருக்கும் அந்த முழி வரக்கூடாதுன்னு."

எங்கள் அப்பாவின் பங்காளிகளுக்கு ஆனைமலையில் தோப்பு உண்டு. நான் அதைச் சொல்லவில்லை. மூடியில் இருந்த புளிச்சோற்றைத் தின்று முடித்தேன்.

பிரெஞ்சுக்காரருக்கும் ஐந்து டோக்கன் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவர் கருவி எடுக்கும்போதெல்லாம் நான் நடுவில் நிற்க வேண்டும். "அந்த எல்-கீய எடுத்தாரான்னு கேளு கண்ணு." கேட்டேன். "குடுத்தாரான்னு கேளு." கேட்டேன். மேளத்துக்கும் நாதசுரத்துக்கும் நடுவே தாளம் தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் இல்லாவிட்டால் ஒரு ஸ்பேனர் கூட இடம் மாறாது.

ஒரு மாதம் கழித்து அக்கா சொன்னார்: "உங்களை எதுக்குச் சும்மா சும்மா கூப்புடறது? அந்த நாலு வரிய ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. நானே கேட்டுக்கறேன்."

கருணையோடு எழுதிக் கொடுத்தேன். அதைக் கருணை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். தமிழ் எழுத்திலேயே எழுதினேன். எடுத்தீங்களா: வூஸாவே ப்ரீ? குடுத்தீங்களா: வூஸாவே ரான்தூ? எங்க வெச்சீங்க: ஊ வூஸாவே மீ? சாப்பிட்டீங்களா: வூஸாவே மான்ஜே? நேத்து என்ன செஞ்சீங்க: கெஸ்க வூஸாவே ஃபே இயேர்? அக்கா சீட்டைச் சோற்றுப் பசை தடவிக் கொக்கிகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டார். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே முணுமுணுப்பார். வரிசையில் நின்ற ஃபிட்டர் ஒருவர், எதற்கும் வாய் சும்மா இராதவர், "அக்கோவ், ஸ்டோர்ல பேய் கீய் பூந்துக்கிச்சா?" என்று கேட்க, அக்கா திரும்பாமலே, "வூஸாவே மான்ஜே?" என்றார். "அய்யோ, திட்டறாங்கடா!" என்று அவர் ஓடினார். ஒரு வாரத்தில் மில்லில் பாதிப் பேர் ஒருவரையொருவர் மான்ஜே, மான்ஜே என்று கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்தக் கேள்வி பிரெஞ்சுக்காரர் காதில் முதல் முறை விழுந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். முதுகிலிருந்து வந்தது, "வூஸாவே ப்ரீ?" மூக்கில் வரவேண்டியது தொண்டையில் வந்தது, தொண்டையில் வரவேண்டியது பல்லில் வந்தது. நான் திருத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள், எண்ணெய்க் கையோடு நின்ற அந்த மனிதர் கண்கள் விரியச் சிரித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "ஆமாம் அம்மா, எடுத்தேன்" என்று தன் மொழியில் சொன்னார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. என் பிரெஞ்சைப் பற்றி அவர் சொன்ன ஒரே சொல் "சரி" என்பதுதான். என் வாக்கியங்கள் எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இருந்ததைத் தவிர அவற்றில் வேறு ஒன்றும் இல்லையோ என்று முதன்முதலாக அன்றைக்கு ஒரு முள் குத்தியது.

அக்காவுக்குப் பிரெஞ்சில் தெரிந்தது அவ்வளவுதான். வணக்கம் தெரியாது, நன்றி தெரியாது, நாளைக்குப் பார்ப்போம் தெரியாது. முடிந்துபோனதைப் பற்றிக் கேட்க மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது. பதில்களிலிருந்து அக்கா சொற்களைப் பொறுக்கிக்கொண்டார். போனது, பார்த்தது, தொலைத்தது, தூங்கியது. ஒவ்வொன்றையும் உடனே கேள்வியாக்கித் திருப்பிக் கொடுத்தார். திங்கட்கிழமை காலைகளில் பிரெஞ்சுக்காரர் கருவி வாங்க வந்தால் கால் மணி நேரம் ஜன்னலில் நிற்பார். ஒரு ஞாயிறு மருதமலை ஏறினாராம், இறங்கி வந்தால் செருப்பைக் காணோமாம்.

"ஊ வூஸாவே மீ?" எங்க வெச்சீங்க என்கிறார் அக்கா.

மரத்தடியில் என்கிறார்.

"வூஸாவே த்ரூவே?" கண்டுபிடிச்சீங்களா?

இல்லை, வெறுங்காலோடு பஸ்ஸில் வந்தேன் என்று காலைத் தூக்கிக் காட்டுகிறார். ஜன்னலுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே சிரிப்பு. நான் பத்தடி தள்ளி என் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. மில்லிலேயே எல்லாம் புரிகிற ஒரே ஆள் நான்தான். அந்தச் செருப்பை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

இன்னொரு நாள் அவர், என்னைச் சிநேகிதனைக் கூப்பிடுவது போல ஒருமையில் கூப்பிடலாமே என்று அக்காவுக்குச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அக்கா பதறிப்போனார். "அந்த வாடா போடாவெல்லாம் எனக்கு ஆகாதுங்க. தூரதேசத்துலருந்து வந்த மனுசன்." அதை நான் மொழிபெயர்த்ததும் அவர் கையிலிருந்த ஸ்பேனரை ஜன்னல் பலகையில் வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போனால் என் அக்கா இப்படித்தான் கேட்பாள். என்ன செய்தாய், என்ன தின்றாய். அவள் போய்ப் பல வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகு இந்த ஊரில்தான் ஒருவர் கேட்கிறார்."

எனக்குப் பொறாமை என்றால் சாதாரணமாக இல்லை. வெயில் நேரத்தில் தகரத்தைத் தொட்ட மாதிரி. யார்மேல் என்றுதான் இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஐந்து வரியில் ஒரு மனிதனைத் திறந்துவிட்ட அக்காமேலா, தினமும் காலையில் எனக்கு வரவேண்டிய கேள்வியை வாங்கிக்கொண்டு போன அந்தத் தாடிக்காரர்மேலா? நான் பென்சில் கேட்டுப் போனால் இப்போதெல்லாம் அக்கா, "பிரெஞ்சுல ஊறுகாய்க்கு என்னங்க கண்ணு?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, என்னிடமிருந்த அகராதியைக் கேட்டார்.

அந்த மாதக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் சுருக்கப் பார்க்கிறவர். "தொரையும் ஸ்டோர்க்காரம்மாவும் அவங்களே பேசிக்கறாங்க. ஃபிட்டர்களும் கை ஜாடையில ஓட்டிக்கறாங்க. இந்த மாசத்தோட உங்களை நிறுத்திக்கலாம்னு பாக்கறேன். பயிற்சிக்கும் எஞ்சினியருங்க ரெண்டு பேர் போனாப் போதும்." நான் "சரிங்க சார்" என்றேன். வெளியே வந்தபோது ஸ்டோர் ஜன்னலில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் மதியம் அதைச் செய்தேன்.

கோம்பர் மெஷினில் உருளைக்கும் சீப்புக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியை அளக்க ஒரு எஃகுப் பட்டை உண்டு. செட்டிங் கேஜ் என்பார்கள். விரல் நீளம், தகடு போல மெல்லிசு. பிரான்சிலிருந்து பெட்டியில் வந்தது ஒன்றே ஒன்றுதான். அது இல்லாமல் மெஷினைச் செட் பண்ண முடியாது. காலையில் பிரெஞ்சுக்காரர் டோக்கன் போட்டு எடுப்பார், மாலையில் அக்காவிடம் திருப்பிக் கொடுப்பார். அவர் சாப்பிடப் போயிருந்தார். கேஜ் மெஷின் ஓரத்து மேசையில், துணிமேல் கிடந்தது. நான் எடுத்தேன். என் அகராதியைத் திறந்து நடுவில் வைத்து மூடினேன். ஸ்டாஃபின் கைப்பையை மில் கேட்டில் சோதிக்க மாட்டார்கள். அக்காவின் தூக்குப்போசியைத்தான் தினமும் திறந்து பார்ப்பார்கள். இதையெல்லாம் யோசித்தா செய்தேன்? இல்லை. பெரிதாக ஏதாவது தொலைந்தால் ஐந்து வரி பத்தாது, கடிதம் எழுத வேண்டும், விசாரிக்க வேண்டும், விளக்க வேண்டும், அப்போது நான் வேண்டும். அவ்வளவுதான் யோசித்தேன். தொலைந்த பொருளுக்கு மில்லில் யாரைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள் என்று யோசிக்கவில்லை.

சாயங்காலம் கொக்கியில் பிரெஞ்சுக்காரரின் டோக்கன் மட்டும் தொங்கியது. அக்கா கேட்டார். எடுத்தேன் என்றார். குடுத்தீங்களா? இல்லை. எங்க வெச்சீங்க? மேசையில், துணிமேல். அவர் முகம் வெளுத்திருந்தது. அக்கா சட்டென்று தலையாட்டினார், சொன்னதை நம்பிவிட்டார். மறுநாள் முழுக்க ஒவ்வொருவராகக் கேட்டார். கூட்டுகிறவரை, எண்ணெய் விடுகிறவரை, ஃபிட்டர்கள் எல்லோரையும். என்னைக் கேட்கவில்லை. அதுவும் கூட எனக்கு உறுத்தியது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அந்த வாய் சும்மா இராத ஃபிட்டர் கத்தினார்: "ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாரேன். எடுத்தவனுக்கு ஒடம்பெல்லாம் எரியோணும்!"

எனக்கு அந்தக் கோயிலின் நீதிக்கல்லைத் தெரியும். திருட்டுக் கொடுத்தவர்கள் காய்ந்த மிளகாயை அரைத்து அப்புவதைச் சின்ன வயதில் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறேன். கழுத்தோரம் இப்போதே எரிகிற மாதிரி இருந்தது.

"அரைக்கறது இருக்கட்டுங்க" என்றார் அக்கா. "இன்னும் கேட்டு முடியல."

மூன்றாம் நாள் மெஷின் நின்றுபோனதற்கு மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர், பிரெஞ்சுக்காரர், அக்கா, நான். நால்வருக்கு மூன்று நாற்காலி; அக்கா நின்றார். மேனேஜர் பிரெஞ்சுக்காரரைக் கேட்டதை நான் மொழிபெயர்த்தேன், பதிலையும் மொழிபெயர்த்தேன். என் குரல் நன்றாகவே இருந்தது. மேசையில் வைத்தேன், திரும்பி வந்தேன், இல்லை. மேனேஜர் அக்காவின் பக்கம் திரும்பினார். அந்த மனிதர் துப்புரவு செய்கிறவரைக் கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் ஊர் வாய் அது. அன்றைக்கு எழுந்து, அக்காவின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"சொல்லு. நீ எடுத்தியா?"

அக்காவின் முகத்தில் அந்த முழி வருவதை நான் பார்த்தேன். எடுக்காத மனிதருக்கு வருகிற முழி. நான்கு காய் குறைந்த ஏதோ ஒரு தோப்பில் அக்கா நின்றுகொண்டிருந்தார். அகராதியை நான் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தேன். உட்கார்ந்ததும் அதை மேசையில் போட்டுவிடுகிறவள், மூன்று நாளாகக் கீழே வைக்கவில்லை. அக்காவின் கண் அதன்மேல் ஒரு நொடி நின்றது.

அக்கா மேனேஜருக்குப் பதில் சொல்லவில்லை. மெதுவாக உடம்பைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து நின்றார். எனக்கு முதுகு தெரிந்தது. கொண்டையில் பென்சில்.

"வூஸாவே ப்ரீ?"

பிரெஞ்சுக்காரர் இரண்டு முறை ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார். அவரைக் கேட்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. தாடியைத் தடவிய கை அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா கேக்கறாங்க?" மேனேஜர் என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்பது என் வேலை.

அந்த அறையில் மூன்று பேருக்குப் புரிந்த கேள்வி, புரியாத ஒருவரிடம் அதிகாரம். அக்கா தமிழில் கேட்டிருந்தால் என் வேலை அந்த நிமிடமே போயிருக்கும், கூடவே அப்பாவின் பெயரும். கேட்டு முடிக்காமலும் இருக்க அவரால் முடியாது. அதனால் நான் எழுதிக் கொடுத்த வரியிலேயே கேட்டார்.

"வீ" என்றேன். ஆமாம் என்பதற்குப் பிரெஞ்சில் அவ்வளவுதான், தமிழில் எழுதினால் ஓர் எழுத்து. பிறகு மேனேஜரிடம் தமிழில் சொன்னேன்: "இன்னொரு தடவை தேடிப் பாக்கட்டுமான்னு கேக்கறாங்க சார். நானும் ஆமாம்னேன்."

"அதுக்கு எதுக்குப் பிரெஞ்சு?"

அக்கா திரும்பினார். "தொரைக்கும் புரியோணுமில்லீங்க சார்" என்றார். "அரை மணி நேரம் குடுங்க."

ஸ்டோர் வரைக்கும் மூவரும் நடந்தோம். அகராதியை நான் ஜன்னல் பலகையில் வைத்துத் திறந்தேன். அக்கா கேஜை எடுத்து, கழிவுப் பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்து, கொக்கியில் மாட்டினார். பிரெஞ்சுக்காரரின் டோக்கனை அவர் உள்ளங்கையில் வைத்தார். ஏன் எடுத்தாய் என்று இருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை நான் அக்காவுக்கு எழுதிக் கொடுத்திருக்கவும் இல்லை. தமிழில் கேட்கலாம் அல்லவா, கேட்கவில்லை.

மேனேஜரிடம் அக்கா சொன்னது இது: "வேற கொக்கியில மாட்டியிருந்துச்சுங்க சார். என் கண்ணுலதான் படல." கவனக்குறைவு என்று அக்காவுக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள். பதினோரு வருட வேலையில் முதல் மெமோ. கையெழுத்துப் போடப் பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, பேனாதான் வேண்டும் என்றதும் மறுபடி செருகிக்கொண்டார். மேனேஜர் என்னிடம், "தப்பு நம்ம ஸ்டோர்லதான், மன்னிக்கோணும்னு தொரைகிட்டச் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். பிழையில்லாத, அழகான பிரெஞ்சில் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டுவிட்டு, "சரி" என்றார்.

நான் நினைத்தது எல்லாம் நடந்தது. பாஷை தெரியாமல் எவ்வளவு குழப்பம் என்று சொல்லி மேனேஜர் என்னை வேலையில் வைத்துக்கொண்டார். பயிற்சிக்கும் என் பெயரைச் சேர்த்தார்கள்.

அக்கா என்னிடம் கோபமாக இல்லை. நோட்டுக் கேட்டால் நோட்டு, பென்சில் கேட்டால் பென்சில். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவார். பஸ் கிடைத்ததா, நனைந்தேனா, சாப்பிட்டேனா, ஒன்றும் இல்லை. மறுபடி ஒருமுறை என்னைப் பெண் பார்க்க வந்து போனார்கள். கண் வீங்கிப் போய் ஜன்னலில் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் நின்றேன். முதுகு கொக்கிகளைத் துடைத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் வந்த எண்ணெய் விடுகிறவரிடம், "ஏனுங்க, பாப்பாளுக்குக் காது குத்திப்போட்டீங்களா?" என்று கேட்டது. அந்தப் பாப்பாளின் மேல், அந்தக் காதின் மேல் எனக்கு வந்த பொறாமையை எந்த மொழியில் சொல்வது?

பிரெஞ்சுக்காரர் வேலை முடிந்து ஊருக்குப் போனார். அதற்கடுத்த மாதம் எங்கள் பயணம். கிளம்புவதற்கு முந்தின நாள் மில் முழுக்க என்னைக் கேட்டது. எப்பக் கெளம்பறீங்க, குளுரு தாங்குவீங்களா, என்ன கொண்டாருவீங்க? எல்லோருக்கும் சிரித்துப் பதில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஸ்டோருக்குப் போனேன்.

"அக்கா, நாளைக்குக் கெளம்பறேன்."

"நல்லபடியாப் போயிட்டு வாங்க, மேடம்."

மேடம். அதுவரை கண்ணு.

"என்னைய ஒண்ணுமே கேக்க மாட்டீங்களாக்கா?"

அக்கா முழுதாகத் திரும்பினார். முகத்தைப் பார்த்தார். வெறுப்பு இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ரசீதில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கிற பார்வைதான் இருந்தது.

"கேட்டனுங்களே. நீங்களும் ஆமான்னு சொல்லிப்போட்டீங்க. பொருளும் வந்துருச்சு. அப்பறம் என்னத்தைக் கேக்கறதுங்க?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், யார்மேல் பொறாமை என்று தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், ஆனைமலைத் தோப்பைச் சொல்ல வேண்டும். கேட்டால்தானே சொல்ல முடியும்? அதற்குள் அந்த ஃபிட்டர் வந்துவிட்டார். "அக்கோவ், ட்ரில் பிட்டுங்க, எட்டாம் நம்பர்!"

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "நேத்து எடுத்தீங்களே, அதைக் குடுத்தீங்களா?"

"அது வந்துங்க்கா…" அவர் தலையைச் சொறிந்தார். சொறிந்துகொண்டே ஜன்னலுக்குள் தலையை நீட்டி, நேற்று நடந்ததை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

ஜன்னல் சின்னது. இரண்டு பேர் நிற்க இடமில்லை. நான் ஒதுங்கிக்கொண்டேன்.